மகாராணியின் இடது பக்கம்

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, வயிறு மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே வந்துகொண்டிருக்கிறது. உனக்கு இருமல் விட்டதா? அம்மாவின் முழங்கால் படி ஏற விடுகிறதா?

பூங்கா வாசலில் உங்கள் அலுவலகக் கடிதத்தைக் காட்டினேன். ‘தங்கி வரையும் ஓவியர்’ என்று போட்டிருந்ததைக் காவலாளி படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி, ஓவியர் எங்க? நீங்க பெட்டி தூக்க வந்தீங்களா?” என்றார். நான்தான் அது என்று சொல்ல எனக்கே கூச்சமாகப் போயிற்று. முப்பது வருஷம் பிஸ்கட் டப்பா மூடிக்குப் பூனைக்குட்டி வரைந்தவன். கூடையில் பூனை, ஷூவுக்குள் பூனை, ரோஜாவை மோந்து பார்க்கும் பூனை. என்னைப் போய் தேசியப் பூங்காவில் குடிவைத்திருக்கிறாய்.

வீடு பரவாயில்லை. கூரையில் வௌவால் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவை சாப்பிட்டதற்கான அத்தாட்சி தினமும் என் தலையணையில் கிடக்கிறது.

இயக்குநரைப் பார்த்தேன். புது நுழைவு மண்டபத்துக்கு மகாராணியின் படம் வேண்டுமாம். மகாராணி என்பது இங்கே இருக்கிற பெண் சிறுத்தை. டிக்கெட்டிலும் பலகையிலும் டீ டம்ளரிலும் அவள் முகம்தான். சாயங்காலம் ஒரு பாறையில் வந்து உட்காருவாளாம், அதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம். மண்டபம் திறந்து படம் மாட்டினால் உன் வேலை நிரந்தரம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. பூனையைக் கொஞ்சம் பெரிதாக வரைய வேண்டும், அவ்வளவுதானே. பயப்படாதே.

இங்கே செல்போனில் ஒரு கோடுகூட ஏறவில்லை. வாரம் ஒருமுறை முட்டை வண்டி வரும்போதுதான் தபால் போகும், வரும். அம்மாவிடம் சொல்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா


ஜூன் 15

அன்புள்ள அப்பா,

நலமாக வந்து சேர்ந்தது அறிந்து நிம்மதி. இருமல் போய்விட்டது. அம்மா நலம். “அவர் வரைஞ்சா சிறுத்தை கழுத்துல ரிப்பன் கட்டியிருக்கும், பாரேன்” என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மண்டபத்தின் அளவும் வரைபடமும் இத்துடன் இருக்கிறது. டிக்கெட் கவுண்டர் இடது கைப்பக்கம் இருப்பதால் மகாராணி இடது பக்கம் பார்த்து நடந்து போவது போல வர வேண்டும். முழு உடம்பும் தெரிய வேண்டும். கீழே பித்தளைத் தகட்டில் ‘நேரில் கண்டு வரைந்தது’ என்று உங்கள் பெயரோடு வரும்.

அவள் தினமும் வர மாட்டாள். பார்க்க முடியாவிட்டால் பழைய படங்களை வைத்தே வரைந்துவிடுங்கள், அதில் தவறில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். காட்டுக்குள் தனியாக அலைய வேண்டாம்.

அன்புடன்,
மகள்


ஜூன் 27

என் செல்ல மகளுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். வௌவால்களும் நலம், அளவுக்கு மீறியே.

தினமும் பாறைக்குப் போகிறேன். மகாராணி வரவில்லை. ஜீப்புகள் வரிசையாக நின்று புகை விடுகின்றன. ஆட்கள் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு எண்ணெய்த் தாளைப் புல்லில் எறிகிறார்கள், அதை மான் வந்து நக்குகிறது. ஒரு மான் பிளாஸ்டிக் பையைப் பாதி விழுங்கி, மீதி வாயில் தொங்க, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. வழிகாட்டி தினமும் ஒரே பாட்டுத்தான்: “மகாராணிக்கு இன்னைக்கு மூடு சரியில்ல. நாளைக்குக் கண்டிப்பா தரிசனம் உண்டு.” எல்லோரும் சிரித்துவிட்டு நாளைக்கும் டிக்கெட் எடுக்கிறார்கள்.

பாறையில் ஒரு வாளி கறி கொட்டியிருந்தது. அது நெளிந்தது. காற்று வந்த பக்கம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். கேன்டீன் சமையல்காரரிடம் விசாரித்தேன்.

“அது நாங்க வெக்கிறதுதான் சார். கறி வெச்சாத்தானே நேரத்துக்கு வந்து உக்காருவாங்க? மிஞ்சினது, நாள்பட்டது எல்லாம் அங்க போயிடும்.”

“நாள்பட்டதுன்னா?”

“மனுசனுக்குப் போட முடியாதது. காட்டு மிருகம்தானே, அதுக்கு என்ன தெரியும்?”

அதன்பிறகு அவர் பரிமாறிய குழம்பை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய படங்களையும் பார்த்தேன். எல்லாம் பாறையில் உட்கார்ந்து முன்பக்கம் பார்க்கிற ஒரே படம். நடக்கிற சிறுத்தையை அதிலிருந்து எப்படி எடுப்பது? தகட்டில் நேரில் கண்டு வரைந்தது என்று போடப் போகிறார்கள், நானும் பார்த்துத்தான் வரைவேன் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். பூனை வரைந்த நாளில் இந்த ரோஷம் எங்கே போயிருந்தது என்று கேட்காதே. ஓவியர் என்று கடிதத்தில் அடித்துக் கொடுத்தது நீதானே, இப்போது அனுபவி.

அம்மாவுக்கு என் அன்பு. ரிப்பன் ஜோக்குக்குத் தனியாகக் கணக்குத் தீர்க்கிறேன் என்று சொல்.

அப்பா


ஜூலை 17

மகளுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் இருவரும் நலமா? நான் நலம் என்று இன்றைக்கு எழுதக் கை வரவில்லை.

இயக்குநர் நேற்று என்னிடம், “பாக்கணும் பாக்கணும்னு ஒரு மாசமா உயிரை எடுக்கறீங்களே, வாங்க” என்று முன்னால் நடந்தார். காட்டுப் பக்கம் போகாமல் கேன்டீனுக்குப் போனார். டீ வாங்கித் தரப் போகிறார் என்று நினைத்தேன். அடுப்படியைத் தாண்டி, மீன் வைக்கிற குளிர் அறையைத் திறந்தார்.

ஐஸ்கிரீம் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய். அதை இழுத்தார். மகாராணி.

நாக்கு வெளியே வந்து தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மீசையில் ஐஸ். பின்னங்கால்மேல் யாரோ வெனிலா பெட்டி இரண்டு அடுக்கியிருந்தார்கள். நாங்கள் நிற்கும்போதே சமையல்காரர் உள்ளே வந்து, “கொஞ்சம் நகருங்க சார்” என்று வாலைத் தாண்டி மத்தியானத்துக்கு மீன் எடுத்துப் போனார்.

மே மாதமே செத்துவிட்டாளாம். என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அஜீரணம்” என்றார். அந்த வாளி எனக்கு நினைவு வந்தது. “சீசன் முடியட்டும், வயசாகி இயற்கையா இறந்துட்டான்னு மரியாதையா அறிவிச்சுடலாம். அதுவரைக்கும் இவ உயிரோட இருக்கணும். அதுக்குத்தான் நீங்க. பாத்துட்டீங்கல்ல? வரைங்க.”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தைக்குப் பதில் காலைச் சாப்பாடு அவர் ஷூவில் விழுந்தது. என் வாழ்நாளில் நான் ஓர் அதிகாரிக்குக் கொடுத்த ஒரே மறுமொழி அதுதான். அது திட்டமிட்டதும் இல்லை.

அந்த அறையிலிருந்து வந்த மீனைத்தான் ஆறு வாரமாகத் தின்றிருக்கிறேன். இப்போது பிஸ்கட் மட்டும் சாப்பிடுகிறேன். முப்பது வருஷம் அந்த வாசனை பிடிக்காமல் மூக்கைச் சுளித்தவன்.

உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. உன் அலுவலகம் எங்கே, இந்தப் பெட்டி எங்கே. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். வரையட்டுமா, மூட்டையைக் கட்டட்டுமா? எழுது.

அப்பா


ஜூலை 31

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தது. வயிறு இப்போது எப்படி? கேன்டீனில் உங்களுக்குத் தனியாகக் காய்கறிச் சாப்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன். கொதிக்க வைத்த தண்ணீரே குடியுங்கள்.

தயவுசெய்து வரைந்து முடித்துவிடுங்கள். இன்னும் சில வாரம்தான். இறந்த பிறகும் ஒரு மிருகத்துக்கு மரியாதையாகப் படம் வைப்பதில் என்ன குறை? ஒரு பக்கம்தான் தெரிகிறது என்று தயங்க வேண்டாம், மறுபக்கத்தை யாரும் உன்னிப்பாகப் பார்க்கப் போவதில்லை. மேலதிகாரி போன வாரமும் என் கோப்பைப் பற்றி விசாரித்தார்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மகள்


ஆகஸ்ட் 21

அன்பு மகளுக்கு,

வயிறு சமாதானமாகிவிட்டது. மனசுதான் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது. நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா?

வரைந்துவிட்டேன். குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கில் கற்பூரத் தைலம் தடவிக்கொண்டு, டிரேசிங் தாளை மகாராணியின் மேலே போர்த்தி ஒவ்வொரு புள்ளியாக எடுத்தேன். தாள் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது ஒரு சத்தம் வந்தது. அதை எழுத மாட்டேன். தெரிந்தது வலது பக்கம். உனக்கு வேண்டியது இடது பக்கம். பிஸ்கட் கம்பெனியில் ஜோடிப் பூனைக்கு என்ன செய்வோம்? வலது பூனையின் தாளைத் திருப்பிப் போட்டால் இடது பூனை. அதையே செய்தேன். கை தானாகவே திருப்பிவிட்டது.

படம் நன்றாக வந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கையிலிருந்து இப்படி ஒன்று இதுவரை வந்ததே இல்லை. காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கப் போகிறாள், தோள் எலும்பு தோலுக்குள் அசைகிறது. இயக்குநர் கண் கலங்கி, “உயிரோட இருக்கா சார்!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விட்டதும் சோப்பு போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை. அது அவருடைய கை வாடையா என்னுடையதா என்று தெரியவில்லை.

ஒரு சின்ன விஷயம். ஒரு பக்கம்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அவள் எப்படிக் கிடக்கிறாள் என்று நான் எழுதிய ஞாபகம் இல்லை. ஒருவேளை எழுதியிருப்பேன். வயசாகிறது, என் கடிதத்துக்கு நகல் எடுத்து வைக்கிற பழக்கமும் கிடையாது. எழுதித்தான் இருப்பேன்.

அப்பா


செப்டம்பர் 10

அன்புள்ள அப்பா,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மண்டபத் திறப்பு விழா சிறப்பாக நடந்தது. உங்களைப் பேசக் கூப்பிட்டும் நீங்கள் கழிப்பறையில் போய் இருந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு சிக்கல். பூங்காவுக்கு வழக்கமாக வரும் ஓர் அம்மா, சிறுத்தைகளின் புள்ளிகளைப் படம் எடுத்துக் கணக்கு வைப்பவர், படத்தில் ஏதோ தவறு என்று புகார் கொடுத்திருக்கிறார். இயக்குநர் ஒரு வாக்குமூலம் கொடுப்பார். ஆகஸ்ட் மாதத்தில் பாறையில் மகாராணியை உயிரோடு பார்த்தேன் என்று இருக்கும். ஒரு கையெழுத்துதான் அப்பா. இந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தர உத்தரவு வர வேண்டும். இதுவரை உங்களிடம் இப்படி எதுவும் கேட்டதில்லை.

மகள்


செப்டம்பர் 18

மகளுக்கு,

நான் நலம். அம்மாவுக்குக் கால் வலி குறைந்ததா என்று நீ இரண்டு கடிதமாக எழுதவில்லை.

கழிப்பறை விஷயம் உண்மை. இந்தப் பூங்காவிலேயே நாற்றத்தை ஒளிக்காத இடம் அதுதான்.

புள்ளிக்கார அம்மா வந்தார். கழுத்தில் பைனாகுலர், காலில் சேறு. என்னைத் தேடி வீட்டுக்கே வந்து தரையில் உட்கார்ந்து போட்டோக்களைப் பரப்பினார்.

“அண்ணே, நல்லா வரைஞ்சிருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க. ஆனா சிறுத்தைக்கு ரெண்டு பக்கமும் புள்ளி ஒண்ணா இருக்காது. நம்ம ரெண்டு கை ரேகை மாதிரி. இது மகாராணியோட இடது பக்கம், நான் எடுத்தது. இது உங்க படம். நீங்க போட்டிருக்கிறது வலது பக்கத்தைத் திருப்பிப் போட்டது.”

பார்த்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தது. முப்பது வருஷத்தில் ஒரு பூனையும் வந்து என்னிடம் புகார் கொடுத்ததில்லை, எனக்கு எப்படித் தெரியும்?

“நடக்கிற மிருகத்தோட ஒரே பக்கத்தை மட்டும் இவ்வளவு துல்லியமா எடுக்க முடியாதுண்ணே. அவ அசையாம இருந்திருக்கா. எங்க பாத்தீங்க?”

அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை, உன்னை நினைத்து உண்மையும் வரவில்லை. பிஸ்கட் நீட்டினேன். வேண்டாம் என்று எழுந்து போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வை, பாறையில் கிடந்த கறியை நான் பார்த்த பார்வை.

வாக்குமூலம் மேசைமேல் இருக்கிறது. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் செத்தது உனக்கு முன்பே தெரியுமா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும். அது வரும்வரை பேனாவைத் தொட மாட்டேன்.

அப்பா


அக்டோபர் 12

அன்பு மகளுக்கு,

நலமா? மழையில் பாலம் உடைந்து முட்டை வண்டி வருவதில்லை. அதனால்தான் பதில் இல்லை என்று ஒரு நாள் நினைக்கிறேன். பதிலே எழுதவில்லை என்று மறுநாள் நினைக்கிறேன்.

இயக்குநர் தினமும் வந்து நிற்கிறார். “உங்க பொண்ணோட உத்தரவு மேசையில தூங்குது சார். நீங்க எழுப்புங்க” என்றார் இன்று.

போட்டுவிட்டேன். பூனைக்கு அடியில் போடுகிற அதே கையெழுத்து. ஆகஸ்ட் மாதம், மாலை, பாறை, உயிரோடு. போட்டதும் வாசலுக்குப் போய் மறுபடி வாந்தி எடுத்தேன். இந்த முறை யாருடைய ஷூவும் இல்லை, என் செருப்புத்தான்.

இனி நீ பதில் எழுத வேண்டாம். தெரியுமா, தெரியாதா என்று நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள். நன்றாக இரு.

அப்பா


செப்டம்பர் 29

அப்பா,

உங்கள் கேள்விக்கு ஆமாம்.

மே மாதம் அலுவலக வேலையாக அங்கே வந்திருந்தேன். பாறைக்குப் பின்னால் கிடந்தவளை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். இயக்குநர் என்னையும் கூட்டிப்போனார். படம் வரைய வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். வெளி ஓவியர் யாராக இருந்தாலும் வெளியே சொல்லிவிடுவார், அப்பா சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். என்னை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று.

நீங்கள் பார்க்காமல் வரைய மாட்டீர்கள் என்பதும் தெரியும். தரையில் கிடந்த பக்கம் முழுக்கப் புழு வைத்திருந்தது. அதைப் பார்த்தால் உங்களால் தாங்க முடியாது. குளிர் அறையிலும் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைக்கச் சொன்னேன். அவர்கள் தூக்க மாட்டேன் என்றார்கள். நானே ஒரு காலைப் பிடித்தேன். உங்களுக்காக யோசித்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடாதீர்கள். நேற்று புள்ளிக் கணக்கு வைக்கும் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை நவம்பரில். நீங்கள் உண்மையைச் சொன்னால் போதும்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை.

மகள்


நவம்பர் 2

மகளுக்கு,

பாலம் சரியாகி, உன் செப்டம்பர் கடிதம் என் கையெழுத்துக்குப் பத்து நாள் பின்னால் வந்தது. நீ உண்மையை எழுதித் தபாலில் போட்டிருந்தாய். அது ஆற்றங்கரையில் முட்டைகளோடு காத்துக்கிடக்கும்போது நான் இங்கே உட்கார்ந்து பொய்க்கு மை போட்டிருக்கிறேன்.

அதற்குள் இயக்குநர் என் வாக்குமூலத்தை வயர்லெஸ்ஸில் படித்தே பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். பெற்ற அப்பாவே நேரில் பார்த்தேன் என்கிறார், வேலை கிடைக்காத கோபத்தில் மகள் புளுகுகிறாள் என்று வந்திருக்கிறது. பூனை வரைந்த கை இப்போது உன் வாயை அடைக்கிறது.

குளிர் அறைக்கு ஓடினேன். காலி. பின்புறம் குழியில் டீசல் ஊற்றி எரித்துவிட்டார்களாம். ரோமம் கருகிய வாடை சமையல்கட்டு முழுக்க இருந்தது. சமையல்காரர் கதவைத் திறந்து காட்டினார். “மகாராணி போயிட்டாங்க சார். பினாயில் போட்டுக் கழுவியாச்சு. இனிமே தைரியமா மீன் சாப்பிடலாம்.”

ஆக, அவளைப் பிணமாகப் பார்த்ததாகச் சொல்ல வெளியே மிச்சம் இருப்பது நீயும் நானும்தான். அதில் நான் பொய்யன் என்று அச்சிலேயே இருக்கிறது.

உன்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. சொல்லாமல் மூடிவைத்தால் அதுவும் அந்தத் தார்ப்பாய் வேலைதான், அதனால் சொல்கிறேன். புழு பிடித்த உடம்பைக் காலைப் பிடித்து நீ புரட்டியதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவுக்காக என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில்தான் ரொம்பக் குமட்டியது. அழுகையும் அந்த வரியில்தான் வந்தது. நீயும் என்னைப் பற்றி இதே மாதிரி நினைத்தால் நினைத்துக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெட்டியைக் கட்டிவிட்டேன். டிரேசிங் தாளை எடுத்துக்கொண்டேன். புள்ளிக்கு நடுவே அவளுடைய ரோமம் இன்னும் ஒட்டியிருக்கிறது. புள்ளிக்கார அம்மாளின் வலது பக்கப் போட்டோவோடு வைத்துப் பார்க்கட்டும். விசாரணையில் உனக்குப் பக்கத்தில் நின்று, நான் பொய் சொன்னேன், என் மகள் சொல்வது நிஜம் என்று சொல்ல வேண்டும். ஜெயிலில் போட்டால் அங்கேயும் சுவர் இருக்கும், பூனை வரைந்துகொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை முட்டை வண்டியில் அனுப்பவில்லை. அந்த வண்டியில் நானே ஏறி வந்துவிட்டேன். உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துதான் கடைசிப் பாராவை எழுதுகிறேன். எதிரே பார்த்துப் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு மணியை அடிக்கிறேன். நிதானமாகப் படி. அவசரம் இல்லை, படி அகலமாகத்தான் இருக்கிறது. திறக்கலாம் என்று தோன்றினால், முதலில் அம்மாவிடம் ஒரு பழைய சட்டை வாங்கி வெளியே நீட்டு. என்மேல் இன்னும் அந்த அறை நாறுகிறது.

வாசலில்,
அப்பா